பதினொரு ஒன்றுகள்

ஆனர்ஸ் கணக்கு வகுப்பில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். கரும்பலகைக்கு இடது பக்கம், மற்றவர்களிடமிருந்து விலக்கி, எங்களுக்கென்று ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். புரொபசர் வருவதற்கு முன் என் சிநேகிதி எழுந்து போய்ப் பலகையில் ஒன்றுகளாக எழுதுவாள். முதலில் இரண்டு ஒன்று. அதன் கீழே மூன்று. அதன் கீழே ஐந்து, பிறகு ஏழு.

"பால்காரி செவுத்துல கோடு போடற மாதிரி இருக்கே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"ஆமாங்க. உங்க வீட்டுப் பால்ல எவ்வளவு தண்ணின்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்பாள் அவள், திரும்பாமலே.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது இதுதான். ஒன்றுகளை மட்டும் வரிசையாக எழுதினால் கிடைக்கும் எண்களில் எவை உடையும், எவை உடையாது? பதினொன்று உடையாது. நூற்றுப் பதினொன்று மூன்றாலும் முப்பத்தேழாலும் ஆனது. ஐந்து ஒன்றுகள் என்றால் நாற்பத்தொன்றும் இருநூற்று எழுபத்தொன்றும். ஏழு ஒன்றுகள் என்றால் இருநூற்று முப்பத்தொன்பதும் நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பதும். நான்கு, ஆறு, எட்டு என்று எண்ணிக்கையே உடைகிற எண்ணாக இருந்தால் வரிசையும் உடனே உடைந்துவிடும். அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஏழுக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது பதினொரு ஒன்றுகள். ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. அங்கேதான் அவள் நின்றாள்.

புரொபசரிடம் கேட்டோம். எங்கேயாவது வெளிநாட்டு அட்டவணையில் இருக்கும், சென்னைக்கு எழுதிக் கேட்கலாம் என்றார். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்து, "எழுதிடாதேடி. பாத்துட்டா அப்புறம் என்ன இருக்கு?" என்றாள்.

பகா எண்ணுக்கு அவள் வைத்திருந்த பெயர் ஒண்டிக்கட்டை. உடைகிற எண் குடும்பஸ்தன். "இது ஒண்டிக்கட்டையா, குடும்பஸ்தனா, அதை மட்டும் கண்டுபிடிச்சுட்டா எனக்குப் போதும்." அப்போது அது வெறும் விளையாட்டு.

கடைசி வருஷத்தில் இருமல் வந்தது. வகுப்பில் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வாள். பிறகு காய்ச்சல், பிறகு எக்ஸ்ரே. பரீட்சைக்கு அவள் வரவில்லை. தெப்பக்குளத்தை ஒட்டிய தெருவில், அவர்கள் வீட்டு மாடி அறையில் படுக்க வைத்தார்கள். நான் பரீட்சை எழுதி, பயிற்சியும் முடித்து, திருச்சியிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அம்மாள் ஆனேன். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் வீடு. அவள் வீட்டிலிருந்து மறுபடி பஸ்.

நான் ஸர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போன அன்று அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முத்திரையைத் தடவினாள். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு இது கிடையாது. சரி, போகட்டும். அந்தப் பதினொண்ணை மட்டும் முடிச்சுட்டுப் போறேன். ஆரம்பிச்சதுல ஒண்ணாவது முடிஞ்சதுன்னு இருக்கணும்."

"எங்கே போறே?" என்றேன்.

"கடைக்கு" என்றாள். இருவரும் சிரித்தோம்.

அன்று முதல் அது விளையாட்டு இல்லை.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். பட்டியல் போடுவது எனக்குச் சுபாவம். வீட்டில் மளிகைச் சாமானிலிருந்து திருவிழா வாகனங்கள் வரை எனக்கு எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். ஆகவே பட்டியல் என் பங்கு. பதினொரு ஒன்றுகளை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் இருபத்திரண்டின் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று வகுப்பிலேயே நிரூபித்திருந்தோம். 23, 67, 89, 199, 331 என்று போகும். ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரை பார்த்தால் போதும். அதற்குள் எதுவும் வகுக்கவில்லை என்றால் அது ஒண்டிக்கட்டைதான். இருபத்தையாயிரத்துக்குக் கீழே அவளுக்கு, மேலே எனக்கு. லாகரிதம் அட்டவணையால் இதில் பயனில்லை. அது முதல் சில இலக்கங்களோடு நின்றுவிடும். எங்களுக்குக் கடைசி ஒன்று வரை வேண்டும்.

நேராக வகுப்பது நீளம். அவள் சுருக்கு வழி ஒன்று வைத்திருந்தாள். பதினொரு ஒன்றுகளை ஒன்பதால் பெருக்கினால் பதினொரு ஒன்பதுகள். அதோடு ஒன்று சேர்த்தால், ஒன்றுக்குப் பின்னால் பதினொரு பூஜ்யம். அந்தப் பூஜ்ய எண்ணை வகுக்கும்போது மீதி ஒன்று வந்தால், பதினொரு ஒன்றுகள் மீதியில்லாமல் போகும். பூஜ்ய எண்ணை மனசிலேயே கையாளலாம்: ஒரு லட்சத்தின் மீதியை எடு, அதை அதாலேயே பெருக்கு, மறுபடி மீதி எடு, பத்தால் பெருக்கு. "மீதி ஒண்ணு வரணும். அதுதான் நமக்கு முகூர்த்தம்" என்பாள்.

சிலேட்டைத் தொடை மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, தலையணையில் சாய்ந்தபடி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று எண்கள் போடுவாள். நான் போனதும் சொல்வாள், "இன்னிக்கு மூணு பேர் வந்து பாத்துட்டுப் போனாங்க. ஒருத்தரும் சரிப்படலை." பெண் பார்க்க வந்தவர்களைச் சொல்வது போலவே சொல்வாள். அவளைப் பெண் பார்க்க இனி யாரும் வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். என்னைப் பார்க்க வந்தவர்களைப் பற்றியும் விடாமல் கேட்டுக்கொள்வாள்.

ஐப்பசி மழை ஆரம்பித்தபோது இருமலோடு ரத்தம் வந்தது. டாக்டர் சிலேட்டைக் கீழே கொண்டுபோகச் சொல்லிவிட்டார். மூளைக்கு வேலை கூடாது, பேச்சு கூடாது, வெளியாட்கள் மாடிக்குப் போகக் கூடாது. அதன் பிறகு நான் வாசல் நடையோடு நின்றேன். அவளுடைய அம்மா மாடிக்கும் கீழுக்குமாக எங்கள் இருவரின் பேச்சையும் சுமந்தார்.

அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் அவர் படித்த காலத்து எண்கள் தமிழ் எண்கள். இப்போதைய எண்கள் பஸ்ஸில் எழுதியிருந்தால் அடையாளம் தெரியும், எழுதக் கை வராது. எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதுவார். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் 'ஸ்ரீ' போடுவோம். கல்லூரியில் என் நோட்டைப் பார்த்து, "உங்க பெருமாள் வந்துட்டாரா? எங்க பிள்ளையாருக்கும் கொஞ்சம் இடம் விடச் சொல்லு" என்று அவள் சீண்டுவது உண்டு.

ஒரு நாள் அம்மாள் கிழித்த காலண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"படுத்துக்கிட்டே மனசுலயே போட்டாளாம். வேண்டாம்டின்னா கேக்கறாளா? நீ போட்டுப் பாத்து சரியான்னு சொல்லணுமாம். ஒவ்வொரு எண்ணா சொன்னா, நான் எழுதிக்கிட்டேன்."

தாளின் நடுவில் பெரிதாக உ. அதன் கீழே ௧௬௪௯.

ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. பஸ்ஸுக்குள் ஏறுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அது பதினேழைத் தொண்ணூற்றேழால் பெருக்கியது. பகா எண்ணே இல்லை. இருபத்திரண்டின் மடங்கோடு ஒன்று கூட்டி வருவதும் இல்லை. எங்கள் பட்டியலில் அதற்கு இடமே கிடையாது. முதல் வருஷத்திலேயே அவள் சிரித்துத் தள்ளியிருக்க வேண்டிய எண்.

காய்ச்சல் என்று நினைத்தேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் அம்மா கொல்லைப்புறத்தைக் காட்டி, "நேரா கிணத்தடிக்குப் போ. புடவையை நனைச்சுட்டு அப்புறம் உள்ளே வா" என்றாள், தினமும் சொல்வது போல. பிறகு மெதுவாக, "அந்தப் பொண்ணு எப்படியிருக்காடி?" என்றாள்.

"கணக்கு மறந்துபோக ஆரம்பிச்சுடுத்தும்மா" என்றேன்.

மறுநாள் நடையில் நின்று, "போகலைன்னு சொல்லுங்கம்மா" என்றேன். அது பட்டியலிலேயே இல்லாத எண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படுத்த படுக்கையாக இருக்கிறவளிடம் அதை எதற்குச் சொல்ல வேண்டும்? போகவில்லை என்றால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவாள். அவ்வளவுதானே.

அம்மாள் மாடிக்குப் போய்விட்டு இறங்கிவந்தார். "இன்னொரு தடவை போட்டுப் பாக்கச் சொல்றா."

அவர் மனசுக்காக நடையிலேயே உட்கார்ந்து, பள்ளிக்கூட நோட்டின் ஓரத்தில் ஒழுங்காகப் போட்டேன். மீதி ஒன்று வரவில்லை. வராது.

"இல்லைம்மா. போகலை."

மறுபடி ஏறிப்போனார். மாடியில் இருமல் கேட்டது. நடுவில் ஏதோ சொல்ல முயன்று, இருமல் அதை விழுங்கி, மறுபடி சொல்கிற சத்தம். அம்மாள் இறங்கிவரும்போது முகம் கோணியிருந்தது.

"மீதி ஒண்ணு வருதாம். எப்படிப் போகாம இருக்கும்னு கேக்கறா. ஏம்மா, மீதி வந்தா போகலைன்னுதானே அர்த்தம்? நானும் அதைத்தான் சொல்லிட்டு வந்தேன்."

"நாளைக்குச் சொல்றேன்னு சொல்லுங்கம்மா" என்று புறப்பட்டேன்.

சண்டைக் காலம். பெட்ரோல் கிடையாது, பஸ்களெல்லாம் கரி பஸ்கள். பின்னால் கட்டியிருக்கும் உருளையில் கரி எரிந்தால்தான் வண்டி நகரும். அன்று மழையில் கரி நனைந்து, காவேரிப் பாலத்தை ஒரு வழியாகக் கடந்து மாம்பழச்சாலையில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி விசிறிச் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினார். "இது அடுப்பா, வண்டியா?" என்று ஒரு கிழவர் கேட்டார். "சோறு வெந்ததும் சொல்றேன் சாமி, இறங்கி உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மீதி ஒன்று வர வேண்டும் என்பது எங்கள் சுருக்கு வழி. காய்ச்சலில் எண் மறந்துபோகிறவளுக்கு அந்த வழி மட்டும் எப்படி நினைவிருக்கும்? வழி சரியாக இருக்கிறது என்றால் எண்தான் தப்பு. எண் அவள் வாயிலிருந்து அம்மாள் கைக்கு வந்தது. வழியில் ஏதாவது ஓர் இலக்கம் விழுந்திருந்தால்?

நோட்டை எடுத்துப் பட்டியல் போட்டேன். ஓர் இலக்கம் விடுபட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சேர்த்த பிறகு வரும் எண் இருபத்திரண்டின் மடங்கோடு ஒன்றாக இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் விட்டிருந்தால்: 2 மட்டும் பொருந்தும். 21649.
ஒன்றுக்கும் ஆறுக்கும் நடுவில்: 0. 10649. அது 23 பெருக்கல் 463.
ஆறுக்கும் நாலுக்கும் நடுவில்: 1. 16149. மூன்றால் போகும்.
நாலுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்: 7. 16479. இதுவும் மூன்றால் போகும்.
கடைசியில்: எதுவும் பொருந்தாது.

பையிலிருந்து பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவள் பங்கில், என் கையெழுத்தில், 21649 இருந்தது.

ஒரு லட்சம், அந்த எண்ணின் ஐந்து மடங்குக்கு 8245 குறைவு. 8245ஐ அதாலேயே பெருக்கினால் 6,79,80,025. அதில் 21649ஐ முடிந்தவரை கழித்தால் மீதி 2165. பத்தால் பெருக்கினால் 21650.

21650. இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பதும் ஒன்றும்.

"கண்டக்டர், நான் இறங்கிக்கிறேன்" என்றேன்.

"இப்ப கிளம்பிடும்மா, கரி பிடிச்சுடுச்சு!"

பாலத்தில் திரும்பி நடந்தேன். காவேரியில் மழைத்தண்ணீர் செங்காவியாக ஓடிக்கொண்டிருந்தது. குடையைப் பிரிக்கத் தோன்றவில்லை. ஓடினால் யாராவது பார்ப்பார்கள் என்று ஓடவும் இல்லை; வேகமாக நடந்தேன்.

கதவைத் திறந்த அம்மாள் பயந்துபோனார். "என்னம்மா இப்படி நனைஞ்சு?"

"அம்மா, அவ சொன்னது இருபத்தோராயிரத்து அறுநூத்து நாப்பத்தொம்பதா? ரெண்டு, ஒண்ணு, ஆறு, நாலு, ஒம்பதா?"

"ஆமா. அதைத்தானே எழுதிக் கொடுத்தேன்?"

"ரெண்டு இல்லையேம்மா!"

"ஏன் இல்லை? மேலேயே பெருசாப் போட்டிருக்கேனே."

"அது பிள்ளையார் சுழிம்மா!"

"சுழியும்தான், ரெண்டும்தான். தமிழ் எண்ணுல ரெண்டுக்கும் அதே உ-தானே? அவ ரெண்டுன்னு ஆரம்பிச்சா. அதான் ஏற்கெனவே போட்டாச்சே, அதுக்குக் கீழே இன்னொண்ணு எதுக்குன்னு, மிச்சத்தை எழுதினேன்."

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. மாடியில் கேட்டுவிடுமே என்று இருவரும் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு, அந்த நடையில், சுவரில் சாய்ந்து சிரித்தோம். அந்த வீட்டில் பல நாளாக யாரும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

"அப்ப அவ போட்டது சரியா?"

"சரிம்மா. போகுது. அவ சொன்னபடியே மீதி ஒண்ணு. அவ கண்டுபிடிச்சுட்டா. நான் மேலே போய்ச் சொல்லிட்டு வந்துடட்டுமா?"

அவர் மாடிப்படியைப் பார்த்தார். "இப்பத்தாம்மா டாக்டர் ஊசி போட்டுட்டுப் போனாரு. ரெண்டு நாளா தூங்கலை, இப்பத்தான் கண் அசந்திருக்கா. எழுப்ப வேண்டாம். காலையில கண் முழிச்சதும் மொதல்ல இதைத்தான் சொல்லுவேன். நீயும் வெள்ளனவே வந்துடு. டாக்டர் என்ன சொன்னாலும் சரி, உன்னை மேலே விடறேன்."

நியாயமாகத்தான் இருந்தது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். தலையைத் துவட்டிக்கொள்ள ஒரு துண்டு கொடுத்தார். துவட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்தேன்.

காலையில் முதல் பஸ்ஸில் போனேன். தெருமுனையிலேயே சங்குச் சத்தம் கேட்டது.

அவள் கண் விழிக்கவில்லை.

அம்மாள் என்னை மாடிக்கு விட்டார். சொன்னபடியே. நான் அருகில் போய் நின்றேன். குனிந்து காதில் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சுற்றிலும் அவர்கள் உறவினர்கள். சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, அம்மாள் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி, மறுநாள் காலையில் என்னை வரச் சொன்னார். போனேன். அவளுடைய சிலேட்டு கூடத்தில் இருந்தது. துடைத்திருந்தார்கள்.

"அதை வகுத்துக் காட்டு. எனக்குப் புரியற மாதிரி, நேரா" என்றார்.

சுருக்கு வழி இல்லாமல் நேராக வகுத்தேன். தமிழ் எண்களிலேயே எழுதினேன். பதினொரு ஒன்றுகளை எழுதி, முதல் ஆறை எடுத்துக்கொண்டேன். ஐந்து முறை போனது. அடுத்த ஒன்றை இறக்கினேன், ஒரு முறை. அடுத்து மூன்று, அடுத்து இரண்டு, மறுபடி மூன்று. ஒவ்வொரு ஒன்றையும் இறக்கும்போது அவர் விரலால் அதைத் தொட்டுக்கொண்டே வந்தார். கடைசி ஒன்று இறங்கியபோது 1,94,841 நின்றது. ஒன்பது முறை, மிச்சம் வைக்காமல், போனது.

அவர் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலே வந்திருக்கே, அஞ்சு லட்சத்துச் சொச்சம், அது இன்னும் உடையுமா?"

"உடையாதும்மா. உடைஞ்சா அதுல ஒரு பங்கு எழுநூத்துச் சொச்சத்துக்குள்ள வரணும். அது வரைக்கும் எல்லாத்தையும் அவ ஆரம்பத்துலயே போட்டுப் பாத்துட்டா. அதுக்குமேல யாரும் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை."

"அப்ப முடிச்சுட்டா."

"முடிச்சுட்டாம்மா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. மீதி ஒண்ணு வருது, எப்படிப் போகாம இருக்கும்னு அவளே கேட்டாளே."

அவர் சிலேட்டின் ஓரத்தைத் தலைப்பால் துடைத்தார். பிறகு, என்னிடம் சொல்வது போல இல்லாமல், சிலேட்டைப் பார்த்தே சொன்னார்:

"நாளைக்குச் சொல்றேன்னு நீ சொல்லிட்டுப் போனதைப் போய்ச் சொன்னேன். சரிம்மா, நான்தான் எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன், மறுபடி முதல்லேருந்து பாக்கணும்னு சொன்னா. அப்புறம்தான் டாக்டர் வந்து ஊசி போட்டாரு."

நான் பலப்பத்தைக் கீழே வைத்தேன்.

"நாம போகலைன்னு ரெண்டு தடவை சொல்லிட்டோமே" என்றார்.

என் மேலே எந்தக் கோபமும் அதில் இல்லை. என்னையும் சேர்த்துக்கொண்டு, ஒரே வீட்டு மனுஷியிடம் சொல்வது போல 'நாம' என்று சொன்னார். ஆமாம்மா என்றேன். அவர் காப்பி போட எழுந்து போனார். பள்ளிக்கூடத்துக்கு மணி ஆகியும், நான் அதைக் குடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.